கடைசிப் பக்கத்துப் பெயர்கள்

கோயம்புத்தூர்,
11.8.1996

அன்புள்ள ரம்ஷாவுக்கு,

இளவேனில் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய், உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் அடுத்த கடிதத்தில் முதல் வரியாக எழுத வேண்டும், சரியா? ஐந்தாம் மாதத்திலும் வாந்தி நிற்கவில்லை என்று நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "சீரகத்த வறுத்துத் தண்ணியில போட்டுக் குடிக்கச் சொல்லு கண்ணு, மூணே நாள்ல நின்னு போயிரும்" என்றார். மஸ்கட்டில் சீரகம் கிடைக்காதா என்ன? ரியாஸ் அண்ணனை வறுக்கச் சொல். கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது, ஒரு கைப்பிடிச் சீரகம் வறுக்கத் தெரியாவிட்டால் எப்படி?

அடுத்தது நம் விளையாட்டின் விதிப் புத்தகம். 'ஏழு நிறுத்த நாடு' நாற்பத்தேழு பக்கம் அச்சாகிவிட்டது ரம்ஷா! கணபதியில் எங்கள் அச்சகத்துக்குப் பின்னால் உள்ள அறையில் நூறு படிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகைகளுக்கு வெட்டி மிச்சமாகும் தாளை எடுத்துக்கொள்ளச் சொல்லி முதலாளி வரதராஜுலு ஐயா பெரிய மனது பண்ணினார். ஒரு நாள் மதியம் ஒரு தாளை எடுத்து வாசித்துவிட்டு, இந்த விளையாட்டில் கடைசியில் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டார். யாரும் ஜெயிக்க மாட்டார்கள், ஒருத்தர் கதை சொல்லச் சொல்ல மற்றவர்கள் வீரன், மந்திரக்காரி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருப்பார்கள் என்று விளக்கினேன். "அப்ப கண்ணாலம் கட்டுன மாதிரின்னு சொல்லுங்க" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை.

பாக்கி இருப்பது நாற்பத்தெட்டாவது பக்கம் மட்டும். அதில்தான் நீ குறுக்கே படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாய்.

எதை எதைப் பார்த்து, படித்து, கேட்டு இந்த விளையாட்டைச் செய்தோம் என்று கடைசிப் பக்கத்தில் போடலாம் என்று நான் எழுதினேன். கூடவே கூடாது என்று நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். போட்டால் காப்பியடித்தது என்பார்கள், எல்லாம் இன்னொருவருடையது என்றால் நம்முடையது என்று என்ன மிச்சம் என்று கேட்கிறாய். நான் நாளெல்லாம் கல்யாணப் பத்திரிகை அடிப்பவள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெரியப்பா, சித்தப்பா, அத்தை மாமா என்று இரண்டு பக்கமும் இருபது பெயர் போடுகிறோம். அதற்காகக் கல்யாணம் அவர்களுடையது ஆகிவிடுமா? பெண்ணும் மாப்பிள்ளையும்தானே கட்டிக்கொள்கிறார்கள்.

பூதத்தின் குரலை வேதியியல் சென்னகேசவன் சாரிடமிருந்து எடுத்தோம் என்று அச்சில் போட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டிருந்தாய். அது நியாயம்தான். அவர் பெயரை மட்டும் விட்டுவிடுவோம், உயிர் முக்கியம். ஆனால் சிங்காநல்லூர் குளத்தைப் போடக்கூடாதா? அது இல்லாமல் நம் சதுப்பு நாடு ஏது? கணபதியில் உள்ள லேத் பட்டறைத் தெருவைப் போடக்கூடாதா? அந்தச் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காமல் எல்லோரும் கையாலேயே பேசுவதைப் பார்த்துத்தானே, இரும்புக் காட்டுக்குள் போனால் யாரும் வாய் திறக்காமல் விளையாட வேண்டும் என்று விதி எழுதினோம்?

உன் பெரியம்மா மகன் உவைஸ் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து போட்ட அந்த அட்டை கிழிந்த ஆங்கில விளையாட்டுப் புத்தகத்தை நினைத்துப் பார். விதிகளில் பாதி நமக்குப் புரியவில்லை. கேட்டிருந்த எட்டு முகப் பகடையும் பன்னிரண்டு முகப் பகடையும் கோயம்புத்தூரில் யாரிடமும் இல்லை. ஆனால் கடைசியில் ஒரு பக்கம் இருந்தது, அதை எழுதியவர் தான் படித்த கதைகளை எல்லாம் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதானே நீ காலேஜ் நூலகத்துக்குப் போனாய்? அதில் ஒரு புத்தகம்கூட அங்கே இல்லை. தேடப் போன இடத்தில் வேறு நாற்பது புத்தகம் படித்தாய். அந்த மனிதர் மட்டும் உன்னை மாதிரி நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ நூலகத்தின் வாசலையே மிதித்திருக்க மாட்டாய். இப்போது நமக்குப் பின்னால் பீளமேட்டில் நம் காலேஜுக்குப் படிக்க வரும் பெண்களுக்கு நீயே அந்தக் கதவைச் சாத்தலாமா?

பகடை இல்லாததால்தான் பஸ் டிக்கெட் எண்ணை எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணமான உன் மாமா மைதீன் பிச்சையின் பெயரை நான் முதலில் போட நினைத்தேன். காலேஜ் வரை ஏழு நிறுத்தமும் விளையாடுகிற நாம் சிங்காநல்லூரில் ஏறும்போதே, "ஏனுங்க அம்மணி, நேத்து பூதத்துகிட்ட மாட்டுனீங்களே, தப்பிச்சீங்களா இல்லீங்களா?" என்று கேட்டுக்கொண்டே டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர் உலகத்தில் வேறு எங்கே இருப்பார்? கடைசி எண் ஒன்பது என்றால் வெற்றி, சைபர் என்றால் சாவு. உனக்குச் சைபர் வந்து உன் மந்திரக்காரி சாகக் கிடந்த அன்று, "அழுவாத அம்மணி, அந்தப் பூக்காரம்மாகிட்டக் கேளு, மாத்திக் குடுப்பாங்க. ஆனா எதுக்குன்னு சொல்லிக் கேக்கோணும்" என்றாரே. நீ எழுந்து நின்று, என் மந்திரக்காரி சாகப்போகிறாள், உங்கள் டிக்கெட்டைத் தருகிறீர்களா என்று கேட்டாய். பஸ்ஸே சிரித்தது, அந்த அம்மாவும் கொடுத்தார். நம் புத்தகத்திலேயே நல்ல விதி அதுதான்.

அவர் பெயரைப் பார்த்ததும்தான் உனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போய், அவர் நிக்காஹுக்கு வராமல், இன்றுவரை இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு உங்கள் வீட்டு வாசலை மிதிக்காமல் இருக்கிறாரே. பட்டியல் என்று ஒன்று போட்டால் அதில் இருப்பவர்களை யாரும் பார்ப்பதில்லை, இல்லாதவர்தான் கண்ணில் படுவார் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

நவம்பரில் நீ தலைப்பிரசவத்துக்கு வருவதற்குள் புத்தகத்தைத் தைத்துவிட வேண்டும். யோசித்து எழுது. சீரகத்தை மறக்காதே.

என்றும் உன்
இளவேனில்


கோயம்புத்தூர்,
8.9.1996

அன்புள்ள ரம்ஷா,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. வாந்தி நின்றதில் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் உள்ள எல்லோருக்கும் மஸ்கட்டில் தன் மருந்து வேலை செய்தது என்று சொல்லியாகிவிட்டது.

நீ பட்டியலைப் பற்றி இந்த முறை சண்டை போடவில்லை. உங்கம்மாவைப் பற்றி மட்டும் நாலு வரி எழுதியிருந்தாய். கூடப்பிறந்த தம்பியின் பெயரை எழுத மறந்தவள் என்று ஆனதிலிருந்து அவர் எதையும் கைப்பட எழுதுவதே இல்லை, மளிகைச் சாமான் சீட்டைக்கூடப் பக்கத்து வீட்டுச் சித்திகாவைக் கூப்பிட்டு எழுதச் சொல்கிறார், உன் அத்தா எழுதும் கடிதத்தில் கீழே ஒரு வரிகூடத் தன் கையால் எழுதுவதில்லை என்று. தாய்மாமன் மிதிக்காத வீட்டுக்குப் பிள்ளை பெற வந்து என்ன செய்வேன் என்று முடித்திருந்தாய்.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இனிமேலும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. சொல்லிவிடுகிறேன் ரம்ஷா. உங்கம்மா மறக்கவில்லை. மைதீன் பிச்சை மாமாவின் பெயர் உங்கம்மா எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது. அதை விட்டது நான்.

நான் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. உன் கல்யாணப் பத்திரிகையை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். மொத்தம் இருபத்து மூன்று பெயர். இரண்டு வரிசையில் பதினொன்று பதினொன்றாக வைத்தால் ஒரு பெயர் வெளியே நின்றது. எழுத்தைச் சின்னதாக்கிப் பார்ப்போம் என்று கடைசியில் இருந்த வரியை மட்டும் கொஞ்ச நேரத்துக்கு எடுத்து வைத்தேன். அது தாய்மாமன் வரி. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது இரண்டு வரிசையும் சமமாக, அழகாக இருந்தன. எடுத்து வைத்தது நினைவில்லாமல் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். சரிபார்க்க வந்த உன் அத்தா, மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களில் பிழை இருந்துவிடக் கூடாதே என்று அந்தப் பக்கத்தையே நாலு தரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இதுவரை தவறு. இதற்கு மேல் செய்தது பாவம். மாமா அந்தப் பத்திரிகையை வாங்கி, பஸ்ஸில் டிரைவருக்குத் தன் பெயரைக் காட்டத்தான் பிரித்தாராம். பெயர் இல்லை. மறுநாள் உன் அத்தா அச்சகத்துக்கு வந்து கேட்டபோது முதலாளி என்னைப் பார்த்தார். அப்பா வேலை பார்த்த மில்லை மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. என் ஒருத்தி வேலைதான் வீட்டில் இருந்தது. "நீங்க குடுத்த தாள்ல அந்தப் பேரு இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். உன் அத்தா தாளைக் காட்டச் சொல்லவில்லை. "இளவேனில் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் உங்கம்மாவைக் கேட்டார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நான் ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு குடும்பத்தைப் பிரித்தேன்.

சொன்னால் சீட்டு கிழிந்து வேலை போய்விடும் என்ற பயம் முதலில். பிறகு நாள் போகப் போக, சொல்லாமல் இருந்ததற்கே பயம். உன் நிக்காஹில் உன் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டாம் பக்கத்தில் மாமாவின் பெயரை முதலில் போட வேண்டும் என்று நான் குதித்ததற்குக் காரணம் இதுதான். விளையாட்டுக்கு அவர் மூலம் என்பது உண்மை. ஆனால் ஒரு தாளில் விட்ட பெயரை இன்னொரு தாளில் போட்டுக் கணக்கைத் தீர்த்துவிடலாம், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேனே, அது களவாணித்தனம்.

வாடிக்கையாளர் கையெழுத்தில் கொடுக்கும் தாள்களை எங்கள் அச்சகத்தில் எறிய மாட்டோம். ஒரு வளைந்த கம்பியில் குத்திக் குத்தி மாட்டி வைப்போம். முந்தாநாள் மேசை மேல் ஏறி நின்று பழைய கம்பிகளை இறக்கினேன். ஜனவரி 95 கம்பியில் உங்கம்மாவின் தாள் இருந்தது. பச்சை மையில் எழுதியிருந்தார். இருபத்து மூன்றாவது வரியில், மற்ற பெயர்களைவிடக் கொஞ்சம் பெரிதாக, 'மணமகளின் தாய்மாமன் மைதீன் பிச்சை' என்று இருந்தது. அடியில் ஒரு கோடும் இழுத்திருந்தார்.

வரதராஜுலு ஐயாவிடம் முதலில் சொன்னேன். நல்ல திட்டு. தப்பு விட்டதற்குத் திட்டவில்லை, அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு துண்டுச் சீட்டு அடித்து ஒட்டியிருக்கலாமே என்றுதான் திட்டினார். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. நான் ஒன்றரை வருடம் பயந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

நேற்று மதியம், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, சிங்காநல்லூரில் மாமாவின் பஸ்ஸில் ஏறினேன். இன்னும் அதே பஸ்தான். என்னைப் பார்த்ததும் பழையபடி சிரித்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உங்கம்மாவின் தாளை ஒரு கையிலும், நம் கடைசிப் பக்கத்தின் மாதிரி அச்சை இன்னொரு கையிலும் கொடுத்தேன். மாதிரியை அவர் பார்க்கவே இல்லை. பச்சை மையைத்தான் பார்த்தார். "எங்கக்கா எழுத்து" என்றார். இரண்டு தாளையும் மடித்துத் தோல் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஹோப் காலேஜ் எறங்கு, ஹோப் காலேஜ்" என்று சத்தம் போட்டுக்கொண்டே முன்னால் போய்விட்டார். எனக்கு டிக்கெட் கொடுக்கவே மறந்துவிட்டார்.

உங்கம்மாவை இன்னும் பார்க்கவில்லை. கால் வரமாட்டேன் என்கிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் கேட்காமலே முடிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். இதைப் படித்துவிட்டு அழாதே, இந்த நேரத்தில் கூடாது.

இளவேனில்


கோயம்புத்தூர்,
13.10.1996

அன்புள்ள ரம்ஷா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் எங்கள் வீதிக்குள் வந்தாலே கையும் ஓடுவதில்லை காலும் ஓடுவதில்லை. உங்கம்மாவுக்கு நீ எழுதியதாகவும், அதில் என்னைப் பற்றி ஒன்றும் இல்லை என்றும் தெரிந்துகொண்டேன். எழுதாமல் இருப்பது உன் உரிமை. ஆனால் இங்கே நடந்ததை உனக்கு நான்தான் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

மாமாவைப் பார்த்த எட்டாம் நாள் அவர் அச்சகத்துக்கே வந்தார். காக்கிச் சட்டையோடு, பையோடு. வரதராஜுலு ஐயா எழுந்து நின்று, நாற்காலி போட்டு, எங்கள் தவறுதான், எல்லாப் பெயரும் சரியாகப் போட்டுப் பத்திரிகையை இப்போது அச்சடித்துத் தருகிறோம் என்று சொன்னார். மாமா சிரித்துவிட்டார். "முடிஞ்சுபோன கண்ணாலத்துக்குப் பத்திரிகை எதுக்குங்க? கொழந்தையே வரப்போவுது" என்றார். அப்புறம் தோல் பையிலிருந்து நம் நாற்பத்தெட்டாம் பக்கத்தின் மாதிரியை எடுத்து மேசையில் விரித்தார். "இதுல ஒரு தப்பு இருக்குது அம்மணி" என்றார்.

மறுபடியும் யாரை விட்டேன்?

'சீட்டை மாற்றிக் கேட்கும் விதி: நடத்துநர் மைதீன் பிச்சை' என்று போட்டிருந்தேன். அந்த விதி தன்னுடையது இல்லை என்றார் மாமா. சின்ன வயதில் அக்காவும் தம்பியும் தங்கள் அம்மாவோடு பஸ்ஸில் போகும்போது டிக்கெட் எண் பார்த்து விளையாடுவார்களாம். அடுத்தடுத்த டிக்கெட் என்பதால் முதலில் வாங்குபவருக்கு ஒன்பது வந்தால் அடுத்தவருக்குச் சைபர்தான். சைபர் வந்தால் இவர் பஸ்ஸையே கூட்டும்படி அழுவாராம். உங்கம்மா எதுக்கு வேணும், சொல்லிக் கேள் என்பாராம். இவர் சொல்வாராம். உடனே ஒன்பதைக் கொடுத்துவிட்டு இவருடைய சைபரை வாங்கித் தன் கைக்குள் பொத்திக்கொள்வாராம். "ஒரு நாளாச்சும் எனக்குச் சைபர் தங்குனதில்ல அம்மணி. எல்லாச் சைபரையும் எங்கக்காவே வாங்கிக்கும்" என்றார். சொல்லிவிட்டுக் காக்கிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளி தண்ணீர் கொண்டுவரப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டார்.

மாமா எழுந்துகொண்டே, "எம்பேருக்கு மேல எங்கக்கா பேரப் போடோணும். ஆனா அவளக் கேக்காமப் போடக்கூடாது. வா, ரெண்டு பேரும் போய்க் கேக்கலாம்" என்றார். உங்கம்மா முகத்தில் விழிக்க என்னை மட்டும் விட்டிருந்தால் இன்னும் ஒரு வருடம் ஆகியிருக்கும்.

உங்கள் வீட்டுக்கு எதிரே வந்ததும் அவரும் நின்றுவிட்டார், நானும் நின்றுவிட்டேன். சித்திகாதான் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னாள். உங்கம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார். மாமா அந்தப் பச்சை மைத் தாளை நீட்டினார். பிறகு, "எம்பேரு எழுதியிருக்குதுக்கா" என்றார்.

உங்கம்மா தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. பச்சை எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "எழுதியிருந்தனா?" என்றார். மறுபடியும், "நான் எழுதித்தான் இருந்தனா?" என்றார். ஒன்றரை வருடமாக அவருக்கே சந்தேகமாம் ரம்ஷா. எழுதின மாதிரிதான் நினைவு, ஆனால் எல்லோரும் இல்லை என்கிறார்களே, கூடப்பிறந்தவனையே மறக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று ராப்பகலாக யோசித்தாராம். "எனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தனே" என்று சொல்லி அழுதார். தம்பியைப் பிரித்தது மட்டும்தான் என் பாவம் என்று நான் எண்ணியிருந்தேன். ஒரு மனுஷிக்குத் தன் மேலேயே இருந்த நம்பிக்கையை எடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ இன்னைக்குப் போ கண்ணு. இன்னொரு நாளைக்கு வா" என்றார். மாமாவை உள்ளே கூட்டிப் போனார். நான் தெருமுனை போய்த் திரும்பிப் பார்த்தேன். மாமாவின் செருப்பு உங்கள் வாசலில் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு நடந்தேன்.

இன்னொரு நாள் எப்போது என்று தெரியாமல் மூன்று வாரம் போல இருந்தேன். போன வெள்ளிக்கிழமை சித்திகா வந்து, உங்கம்மா கூப்பிடுகிறார் என்றாள். போனேன். மாமா உட்கார்ந்து தேங்காய்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எனக்கும் ஒரு தட்டு வந்தது. நான் சாப்பிட்டுக் கைகழுவியதும் உங்கம்மா நாற்பத்தெட்டாம் பக்கத்தைக் கேட்டார். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். குளத்தின் பெயர் எதற்கு, அதுவா வந்து கேட்கப் போகிறது என்றார். நீ வீட்டில் சொல்லியிருந்த அந்தப் பூக்காரம்மா எங்கே என்றார். பெயர் தெரியாது என்றேன். "பேரு தெரியாட்டி ஆளு இல்லைன்னு ஆயிருமா?" என்று கேட்டுவிட்டு, சமையலறை ஜன்னலில் இருந்து ஒரு பேனாவை எடுத்துவந்து தானே எழுதினார். மாமாவும் நானும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார்.

இப்போது அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது. முதலில் அட்டை கிழிந்த அந்த ஆங்கிலப் புத்தகம். அப்புறம் உங்கம்மா தாஜுன்னிசா. அவருக்குக் கீழே தம்பி மைதீன் பிச்சை. அடுத்து சைபரை வாங்கிக்கொண்ட, பெயர் தெரியாத பூக்காரம்மா. சிங்காநல்லூர் குளமும் பட்டறைத் தெருவும் நான் பிடிவாதம் பிடித்ததால் தப்பித்தன. விளையாட்டில் பேரம் பேசும் சூனியக்காரிக்கு மூலமாக என் அம்மா மாசாணியம்மாள். தன் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தரம் என்று அம்மா அந்த வரியை என்னை மூன்று தரம் படிக்க வைத்தார், சூனியக்காரி என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. நீ பயந்த மாதிரி இன்னும் யாராவது விட்டுப்போயிருப்பார்கள். அதற்குத்தான் பத்திரிகைக்காரர்கள் நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம், கடைசி வரியாக 'மற்றும் சுற்றமும் நட்பும்' என்று போட்டிருக்கிறேன். அது மன்னிப்புக் கேட்கிற வரி என்று இத்தனை நாள் அடித்தும் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் இதை அச்சுக்கு விடவில்லை. புத்தகத்தில் பாதி உன்னுடையது, நீ சரி என்றால்தான் போடுவேன். வேண்டாம் என்றால் நாற்பத்தெட்டாம் பக்கத்தை வெறும் தாளாக விட்டே தைத்துவிடுகிறேன். உங்கம்மாவும் மாமாவும் சேர்ந்தது அச்சில் வந்தாலும் வராவிட்டாலும் மாறப்போவதில்லை.

நேற்று மாமாவின் பஸ்ஸில் ஏறி இரண்டு டிக்கெட் வாங்கினேன், எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று. ஏன் இரண்டு என்று அவர் கேட்கவில்லை. உன்னுடையதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், எடுத்துப் பார். கடைசி எண் ஒன்பது. அடுத்தது என்னிடம் இருக்கிறது, என்ன எண் என்று உனக்குத் தெரியும். நம் விதிப்படி கேட்கிறேன் ரம்ஷா, மாற்றிக் கொடுப்பாயா? எதற்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும் இல்லையா? நவம்பரில் நீ வந்து இறங்கும்போது உன் அத்தா, உங்கம்மா, மாமா எல்லோரும் உன்னைக் கூட்டிவர நிற்பார்கள். அவர்களோடு நானும் நிற்க வேண்டும். அதற்குத்தான்.

மாற்ற மனமில்லை என்றால் பரவாயில்லை, ஒன்பதை உன் கையிலேயே வைத்துக்கொள். தலைப்பிரசவத்துக்கு வருகிறவள் நல்ல எண்ணோடு வர வேண்டும். நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேருங்கள். இந்தச் சைபர் என்னுடையது, நானே வைத்துக்கொள்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
இளவேனில்